ஜார்ஜ் எலியட்டின் நாவலில் அண்ணன் தவறவிட்ட கடமை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இலக்கியப் பக்கத்தில் ஜார்ஜ் எலியட்டின் ‘தி மில் ஆன் தி ஃப்ளாஸ்’ நாவலைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். 1860இல் வெளிவந்த ஓர் ஆங்கிலக் கிராமப்புற நாவலுக்கு இன்றைய நாளிதழில் இவ்வளவு இடம் கிடைத்ததற்கு முதலில் என் நன்றி. ஆனால், அண்ணன் டாமும் தங்கை மேகியும் வெள்ளத்தில் ஒருவரையொருவர் தழுவியபடி மூழ்கிப்போகும் கடைசிக் காட்சியை மட்டும் முன்னிறுத்தி, வழிதவறிய தங்கை குடும்பக் கடமைக்குத் திரும்பி அண்ணனின் மன்னிப்பைப் பெற்ற கதை என்று கட்டுரையாளர் இதைச் சுருக்கியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் படித்த அளவில், இந்த நாவலில் கடமையிலிருந்து விலகி நின்றவன் அண்ணன்தான். தந்தை சாகும்போது ஒப்படைத்துவிட்டுப் போன பொறுப்புகளில் பணம் சார்ந்தவற்றையெல்லாம் நிறைவேற்றிவிட்டு, தங்கை சார்ந்த ஒன்றை மட்டும் அவன் கைவிட்டான். முதல் பகுதியிலிருந்தே எலியட் இதற்குத் தடம் போட்டுக்கொண்டு வருகிறார். கட்டுரை தொடாமல் விட்ட அந்தப் பகுதிகளைத் தங்கள் வாசகர்களுக்குச் சற்று விரிவாக எடுத்துக்காட்ட இடமளிக்க வேண்டுகிறேன்.

கதை நடக்குமிடம் ஃப்ளாஸ் என்னும் ஆற்றின் கரையிலுள்ள செயின்ட் ஆக்ஸ் நகரும், அதற்கு அருகிலிருக்கும் டார்ல்கோட் மாவாலையும். ஆறும் ஊரும் கற்பனையானவை. லிங்கன்ஷயரில் ட்ரென்ட் ஆற்றங்கரையில் இருக்கும் கெய்ன்ஸ்பரோ நகரை எலியட் 1859இல் நேரில் பார்த்து, அதையே முன்மாதிரியாக வைத்துக்கொண்டார். ஆலையின் சொந்தக்காரர் டல்லிவர், முன்கோபக்காரர். ஆற்றுநீர் உரிமைக்காக வழக்காடியே சொத்தை இழப்பவர். அவருடைய மனைவி டாட்சன் குடும்பத்துப் பெண், நான்கு சகோதரிகளில் ஒருத்தி. டாட்சன்களுக்கு எல்லாவற்றிலும் ஒரு முறை உண்டு: துணியை வெளுப்பதிலிருந்து ஈமச்சடங்கை நடத்துவதும் உயிலில் உறவினருக்குப் பங்கு ஒதுக்குவதும் வரை, இது எங்கள் குடும்ப வழக்கம் என்று சொல்லிப் பெருமைப்படுபவர்கள். கஷ்டப்படும் உறவினனுக்கு ரொட்டி கொடுக்க மறுக்கமாட்டார்கள். அதைக் கசப்புக் கீரையோடு சேர்த்துத்தான் உண்ண வேண்டும் என்பார்கள், அவ்வளவுதான். அந்த வீட்டுக் குணம் டாமுக்கும், டல்லிவர்களின் கொதிப்பும் பாசமும் மேகிக்கும் வந்து சேர்ந்தன. கதை தொடங்கும்போது அவனுக்கு ஏறத்தாழ 13 வயது, அவளுக்கு 9.

அந்த வயதிலேயே இருவருடைய இயல்பும் தெரிந்துவிடுகிறது. கையிலிருக்கும் ஒரு ஜாம் பஃப்ஸை டாம் தன் பேனாக்கத்தியால் இரண்டாக வெட்டுகிறான். ஜாம் ஒரு பக்கமாக வழிந்துபோனதால் துண்டுகள் சமமாக அமையவில்லை. தங்கையைக் கண்ணை மூடச் சொல்லி, வலக்கையா இடக்கையா என்று கேட்கிறான். ஜாம் வழிந்துபோன துண்டே எனக்குப் போதும் என்கிறாள் அவள். நியாயப்படி வந்தால்தான் தருவேன், இல்லாவிட்டால் தரமாட்டேன் என்கிறான் அவன். இடக்கை என்று அவள் சொல்ல, நல்ல துண்டு அவளுக்கு வந்துவிடுகிறது. அவனிடமே அதை நீட்டுகிறாள். அவன் வாங்க மறுக்கிறான். பிறகு தன் பங்கை அவன் முதலில் தின்று முடித்துவிட்டு, அவள் தன்னை மறந்து ருசித்துத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவள் முடித்ததும் பேராசைக்காரி என்று திட்டிவிட்டுப் போகிறான். குழந்தைகளின் சண்டைதானே என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. டாம் எந்த இடத்திலும் விதியை மீறவில்லை. நியாயத்தை எழுத்துப் பிசகாமல் செய்தான், கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் மறுத்தான். அதற்குப் பிறகும் குற்றவாளி தங்கைதான். அவள் கொடுக்க வந்தது அவன் கணக்கில் ஏறவில்லை, கொடுக்காமல் போனது மட்டும் ஏறியது. இந்த அண்ணன் பிற்காலத்தில் என்ன செய்வான் என்பது இந்த ஒரு பக்கத்திலேயே இருக்கிறது.

முதல் பகுதியின் 8ஆம் அத்தியாயத்தை நான் நாவலின் மையம் என்றே கருதுகிறேன். டல்லிவருக்கு கிரிட்டி என்றொரு தங்கை. அண்ணன் பேச்சைக் கேட்காமல், கையில் மூலதனம் எதுவுமில்லாத மாஸ் என்பவனைக் கட்டிக்கொண்டு, பாசெட் என்ற வறண்ட ஊரில் நிறையப் பிள்ளைகளோடு தவிப்பவள். மாஸ் தம்மிடம் வாங்கியிருக்கும் 300 பவுண்டைத் திருப்பிக் கேட்பதற்காக டல்லிவர் குதிரையில் கிளம்புகிறார். மைத்துனியுடன் மூண்ட சண்டையில், அவளுக்குத் தர வேண்டிய 500 பவுண்டை உடனே கொடுத்துவிட வேண்டும் என்ற ரோஷம் அவருக்கு. கிரிட்டிக்குப் பெண்பிள்ளைகள் பலர் இருப்பதைக் குறிப்பிட்டு, அவர்கள் அண்ணன் தம்பிகளை நம்பி இருக்கக் கூடாது என்று அவர் கடுமையாகச் சொல்கிறார். அவளோ, ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள் என்பதை நினைத்து என் பையன்கள் தங்கைகளிடம் அன்பாக இருப்பார்கள், அதனால் அவர்கள் ஒன்றும் ஏழையாகிவிடமாட்டார்கள் என்று பதில் சொல்கிறாள். டல்லிவர் மனத்தை இறுக்கிக்கொள்கிறார். மாஸிடம் பணத்தைக் கறாராகக் கேட்டுவிட்டுக் குதிரை ஏறிவிடுகிறார். ஆனால் சற்றுத் தூரம் போனதும் அவருக்கு மேகியின் நினைவு வருகிறது: நான் போனபிறகு அந்தச் சிறுமிக்கு டாமை விட்டால் யார் இருக்கிறார்கள்? தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்களே, அதுதான் நடக்கிறது. குதிரையைத் திருப்பிக்கொண்டு வருகிறார். அழுதுகொண்டு நிற்கும் தங்கையிடம், பணம் இல்லாமலே எப்படியாவது சமாளித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். நாம் தங்கையிடம் கடுமையாக நடந்தால் பிற்காலத்தில் டாமும் மேகியிடம் அப்படியே நடந்துவிடுவானோ என்ற அச்சம் அவர் மனத்தில் எழுந்ததை எலியட் வெளிப்படையாகவே எழுதுகிறார்.

இந்த விட்டுக்கொடுத்தல் டல்லிவருக்கு லாபமானதல்ல. 500 பவுண்டுக்காக அவர் வெளியில் கடன் வாங்க நேர்கிறது. அவருடைய வீழ்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். அறிவாளித்தனமான காரியமாக எலியட் இதைக் காட்டவில்லை. இத்தனை நஷ்டத்தோடும் இதைச் செய்த மனிதர் என்றுதான் காட்டுகிறார். டாமின் நேர்மையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

டாமின் நேர்மையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமே அல்ல. மேகியின் பக்கம் சாய்ந்து படிப்பவர்கள் அவனை வில்லனாக்கிவிடுவது வழக்கம். அதுவும் சரியான வாசிப்பாகாது. வழக்கில் தோற்று, பக்கவாதத்தில் தந்தை படுத்து, வீட்டுச் சாமான்கள் விற்பனைக்கு வந்தபோது, 16 வயதுப் பையனாக அந்தக் குடும்பத்தைத் தாங்கி நின்றவன் அவன். சித்தி பெரியம்மாக்கள் எல்லாரும் கூடிப் பேசும் அந்தக் கூட்டத்தில், அத்தை கிரிட்டியும் நடுங்கிக்கொண்டு வந்து நிற்கிறாள்; 300 பவுண்டு புரோநோட்டைக் கடன் கொடுத்தவர்கள் கைப்பற்றிவிட்டால் அவள் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். அப்போது டாம்தான் எழுந்து பேசுகிறான்: அந்தப் பணத்துக்காகத் தங்கையை ஒருநாளும் நெருக்கமாட்டேன், என் பிள்ளைகள் அதனால் கொஞ்சம் ஏழையாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அப்பா என்னிடம் சொல்லியிருக்கிறார், அவர் விருப்பப்படி நடப்பதே என் கடமை என்கிறான். சொத்தெல்லாம் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் 300 பவுண்டை விட்டுவிடச் சொல்வதற்குப் பெரிய மனம் வேண்டும். தந்தையின் சொல்லை அவன் காதில் மட்டும் வாங்கியவனல்ல என்பதற்கு இதுவே சான்று.

அதே கூட்டத்தில் இன்னொன்றும் நடக்கிறது. டாட்சன் சகோதரிகள் தங்கள் உடன்பிறந்தவளின் மேசைவிரிப்புகளையும் பீங்கான் சாமான்களையும் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அந்த விரிப்புகளின் மூலையில் அவளுடைய கல்யாணத்துக்கு முந்தைய பெயர் பதிந்திருக்கிறது. நூலை அவளே நூற்றவள். நெசவாளி நெய்த துணியை முதுகில் சுமந்து வந்ததை வாசலில் நின்று பார்த்ததைச் சொல்லிச் சொல்லி அழுகிறாள். ஆனால் அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் மனைவியின் அசையும் பொருள்களெல்லாம் கணவனுடையவை. கணவனின் கடனுக்காக அவையும் விற்கப்படும். மணமான பெண்ணின் சொத்துரிமைக்கான சட்டங்கள் 1870இலும் 1882இலும்தான் வந்தன. அந்த விரிப்புகளை வாங்கி அவளிடமே விட்டுவைக்கச் சகோதரிகளில் ஒருத்திக்கும் மனம் வரவில்லை; ஆளாளுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். அறிவுரைக்கு மட்டும் குறைவில்லை. 13 வயது மேகி பொறுக்கமாட்டாமல் வெடிக்கிறாள்: உங்கள் சொந்தச் சகோதரிக்கு உதவி செய்யப் போவதில்லையென்றால், எங்களைத் திட்டுவதற்கும் எங்கள் காரியத்தில் தலையிடுவதற்கும் ஏன் வந்தீர்கள்? குடும்பக் கடமை என்ற பெயரில் நடக்கும் பாதிப் பேச்சுக்கு இந்தக் கேள்வி போதும். டாமுக்கோ தங்கை அப்படிப் பேசியது எரிச்சலைத் தருகிறது. எல்லாரையும் விடத் தனக்கு அதிகம் தெரியும் என்பதுபோல் பேசுகிறாள் என்பது அவன் குறை.

பிறகு டாம் உழைக்கிறான். சித்தப்பா டீனின் தயவில் கெஸ்ட் நிறுவனத்தில் கிடங்கு வேலை, பாப் ஜேக்கின் என்ற சுமைவியாபாரி சொன்ன யோசனையால் பெரியப்பா கிளெக்கிடம் கடன் வாங்கித் தொடங்கிய சிறு வியாபாரம், உல்லாசம் எதுவுமில்லாத இளமை. கடன் கொடுத்தவர்களுக்குத் தருவதற்காகத் தந்தை ஒரு தகரப் பெட்டியில் சேர்த்துவைத்த தொகையை எண்ணிப் பார்த்து, இன்னும் எத்தனை காலமாகுமோ என்று ஏங்கும் இரவில், தன்னிடம் வங்கியில் 320 பவுண்டு இருக்கிறது என்று டாம் சொல்லும் இடம் எந்த வாசகரையும் உருக்கும். பணம் முழுவதும் கொடுத்துத் தீர்க்கப்படுகிறது. தந்தை மறுபடியும் ஊராருக்கு முன் தலைநிமிர்ந்து உட்காருகிறார். அன்றே வழியில் தம் எதிரியும் ஆலையை வாங்கிக்கொண்டவருமான வழக்கறிஞர் வேக்கமைச் சந்தித்துச் சவுக்கால் அடித்துவிட்டு, படுக்கையில் விழுந்து மறுநாள் இறந்துபோகிறார்.

அந்த மரணப் படுக்கையில் அவர் மகனுக்குச் சொன்னவற்றைக் கட்டுரையாளர் கவனித்திருக்க வேண்டும். ஆலையை எப்படியாவது திரும்ப வாங்கப் பார், அம்மாவைப் பார்த்துக்கொள் என்கிறார். பிறகு மேகியைக் காட்டி, அவளிடம் நல்லவனாக இரு, நான் என் தங்கையிடம் நல்லவனாக இருந்தேன் என்கிறார். பாசெட்டில் குதிரையைத் திருப்பிய மனிதர், கடன், மானம், பகை எல்லாவற்றையும் பேசிய பிறகு, கடைசியாக மகனிடம் நினைவூட்டுவது தம் வாழ்நாளில் செய்த அந்த ஒரு காரியத்தைத்தான். டாம் ஆலையைத் திரும்பப் பெற்றான். அவன் கேவலப்படுத்திய, மேகியை நேசித்த வழக்கறிஞர் மகன் பிலிப் வேக்கமே தன் தந்தையிடம் மன்றாடி அந்த விற்பனைக்கு வழி செய்தான் என்பது தனிக் கதை. தாயையும் அவன் காப்பாற்றினான். மேகியைப் பற்றிய சொல்லைத்தான் மறந்தான்.

மறந்தான் என்பதும் முழு உண்மையல்ல. தங்கையிடம் நல்லவனாக இருப்பதென்றால் அவளைக் கட்டுக்குள் வைத்திருப்பது என்று அவன் புரிந்துகொண்டான். தந்தை உயிரோடிருந்தபோதே, பிலிப்பை அவள் ரகசியமாகச் சந்தித்துப் பேசிவந்தது தெரிந்ததும், தந்தையின் வேதாகமத்தின் மேல் கையை வைத்துச் சத்தியம் செய்யச் சொல்கிறான்; அவள் கண்ணெதிரிலேயே பிலிப்பின் கூன்முதுகைக் குத்திக்காட்டிப் பேசுகிறான். அதற்குப் பிறகு நடக்கும் வாக்குவாதத்தில் மேகி சொல்கிறாள்: நீ ஆண், உன்னிடம் சக்தி இருக்கிறது, உலகத்தில் எதையாவது செய்ய உன்னால் முடிகிறது. அவன் பதில்: உன்னால் எதுவும் செய்ய முடியாதென்றால், முடிந்தவர்களுக்கு அடங்கி நட. நாவலில் இதைவிடக் குளிர்ந்த வாக்கியம் எனக்குத் தென்படவில்லை. அவளால் ஏன் முடியவில்லை என்பதை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். டாமுக்கு லத்தீன் சொல்லிக்கொடுக்கும் பாதிரியார் ஸ்டெல்லிங்கின் வீட்டுக்குப் போன சிறுமி, அண்ணன் திணறும் பாடத்தைத் தானே ஆவலோடு புரட்டிப் பார்க்கிறாள். பெண்பிள்ளைகளுக்கு மேலோட்டமான சுறுசுறுப்பு உண்டே தவிர எதிலும் ஆழமாகப் போக முடியாது என்று அவர் சொல்ல, டாம் மகிழ்கிறான். லத்தீன் வராத பையனுக்கு லத்தீனுக்காகப் பணம் கட்டிய குடும்பம், அது வரக்கூடிய பெண்ணுக்குத் தையலை விட்டுவைத்தது. பிற்பாடு குடும்ப வருமானத்துக்கு உதவவென்று அவள் ஊரில் தையல் வேலை வாங்கிச் செய்தபோது, அது குடும்பத்துக்கு இழுக்கு என்று முகம் சுளித்தவனும் இந்த அண்ணனே.

ஸ்டீபன் கெஸ்ட் விவகாரத்தில் மேகியிடம் தவறே இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை. சித்தி மகள் லூசியை மணக்கவிருந்தவனோடு படகில் போய், நீரோட்டத்தின் போக்கில் வெகுதூரம் சென்றுவிட்டு, இனித் திரும்ப வழியில்லை, கல்யாணம் செய்துகொள்வோம் என்று அவன் கெஞ்சும்போது, முடியாது என்று உதறிவிட்டுத் தனியாகத் திரும்புகிறாள். கடந்தகாலம் நம்மைக் கட்டுப்படுத்தாதென்றால் கடமை என்பது எங்கே இருக்கும் என்று அவள் அவனிடம் கேட்கும் கேள்வி இந்த நாவலில் மிகவும் புகழ்பெற்றது. லூசிக்கும் பிலிப்புக்கும் செய்யக் கூடாததைச் செய்து நான் சுகப்படமாட்டேன் என்ற முடிவு அது. ஸ்டீபனின் மனைவியாகத் திரும்பியிருந்தால் சில மாதங்களில் செயின்ட் ஆக்ஸ் நகரமே அவளை வரவேற்று விருந்து வைத்திருக்கும் என்று எலியட் எழுதுகிறார்; மணமாகாமல் திரும்பியதுதான் ஊர்க்கண்ணில் அவள் குற்றம். ஆக, கடமையைத் தேர்ந்ததற்காகவே தண்டனை பெற்ற பெண் அவள். கடமைக்குத் திரும்பிய தங்கை என்று கட்டுரையாளர் எழுதியதில் ஒரு பாதி சரிதான். ஆனால் அவள் திரும்பிவந்தது இந்த நாளில், இந்தக் கதவுக்கு. வெள்ளம் வந்த நாளில் அல்ல.

அந்தக் கதவில் டாம் நிற்கிறான். ஐந்தாம் நாள் மாலை ஆலைக்கு வந்து சேரும் மேகி, எனக்கு அடைக்கலம் வேண்டும், எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்கிறாள். உனக்கு என்னிடம் வீடு கிடையாது, உன்னை இனி என்றைக்கும் கைகழுவிவிட்டேன் என்கிறான் அவன். அவன் அங்கே மேலும் சொல்லும் ஒரு சொல்லைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். உனக்குத் தேவை வந்தால் பணம் தருகிறேன், அம்மாவிடம் சொல்லி அனுப்பு. ஆனால் என் கூரையின் கீழ் நீ வரக் கூடாது. தங்கையைப் பட்டினி கிடக்கவிட்டான் என்று யாரும் அவனைச் சொல்லக் கூடாது. அதற்கு மேல் எதுவும் கிடையாது. பாசெட்டில் தந்தை செய்தது இதற்கு நேர்மாறு: பணத்தைக் கேட்கப் போனவர், பணத்தை விட்டுவிட்டுத் தங்கையைக் கைவிடாமல் காத்தார்.

அப்போது உள்ளேயிருந்து தாய் வருகிறாள். கதை முழுவதும் அசட்டுப் பெண்ணாக, மகளின் சுருள்விழாத கூந்தலுக்கும் கறுத்த மேனிக்கும் சலித்துக்கொண்டே இருந்தவள். எப்போதும் மகன் பக்கமே சாய்ந்தவள். பயத்தை விட்டு வெளியே வந்து, குழந்தே, நான் உன்னோடு வருகிறேன், உனக்கு அம்மா இருக்கிறாள் என்கிறாள். என்ன நடந்தது என்று அவள் விசாரிக்கவே இல்லை. டாமின் நேர்மையான வாதங்கள் அனைத்தையும்விட இந்த ஒரு வாக்கியத்துக்கு எடை அதிகம் என்பது என் துணிபு. பாப் ஜேக்கினின் ஆற்றங்கரை வீட்டில் இருவருக்கும் இடம் கிடைக்கிறது. கூடப் பிறந்தவன் மூடிய கதவை, சிறுவயதில் டாமோடு சுற்றித்திரிந்த ஓர் ஏழை வியாபாரி கேள்வி கேட்காமல் திறந்துவிடுகிறான்.

இன்னும் வியப்பானவள் பெரியம்மா கிளெக். கறார்ப் பேச்சுக்குப் பேர்போனவள், மேகியைக் குழந்தைப் பருவத்திலிருந்தே குற்றம் சொல்லிவந்தவள், திவால் நேரத்தில் பணப்பையை இறுக்கிப் பிடித்தவள். மேகியை முதலில் தூற்றப்போவது இவள்தான் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறோம். ஆனால் அவள் டாம்மீது பாய்கிறாள். கட்டாயம் வருவதற்கு முன்பே தன் தங்கையைப் பற்றிக் கெட்டதை நம்ப அவனுக்கு எப்படி மனம் வந்தது? துளி மானமாவது மிச்சமிருக்கும்வரை சொந்த ரத்தத்துக்குத் துணைநிற்காவிட்டால் வேறு எதற்குத்தான் துணைநிற்பது? மேகி என் வீட்டுக்கு வரட்டும், யார் என்ன சொல்கிறார்கள் பார்க்கிறேன் என்கிறாள். லூசிக்காகப் பரிதாபப்படும் தன் கணவரோடும் இதற்காகச் சண்டை போடுகிறாள். டாட்சன் வழக்கத்தை டாமுக்குக் கற்பித்ததே இப்படிப்பட்ட பெரியம்மாக்கள்தாம். அவன் அதில் கண்டிப்பை மட்டும் எடுத்துக்கொண்டான்; உறவை விட்டுக்கொடுக்காத பிடிவாதம் அந்தக் கண்டிப்புக்கு அடியில் இருந்ததை அவன் பார்க்கவில்லை. குடும்ப மரபு முழுவதுமே பெண்ணை நசுக்குவது என்று எலியட் எளிதாகச் சொல்லிவிட்டுப் போகாததற்கு இந்த அத்தியாயம் சான்று. கிளெக் பெரியம்மாவை வேடிக்கைப் பாத்திரமாக மட்டும் குறிப்பிட்டு நகரும் விமர்சனங்களைப் படிக்கும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

எலியட்டுக்கு இதில் எதுவும் ஏட்டறிவு அல்ல. மேரி ஆன் எவன்ஸ் என்ற இயற்பெயரோடு 1819இல் வாரிக்ஷயரில் பிறந்த அவருக்கு, மூன்று வயது மூத்த ஐசக் என்ற அண்ணன். சிறுவயதில் அண்ணனின் பின்னாலேயே ஓடித்திரிந்த தங்கை அவர். ஜார்ஜ் ஹென்றி லூயிஸ் என்ற எழுத்தாளரோடு, அவருக்குச் சட்டப்படி மனைவி இருந்த நிலையில், 1854 முதல் வாழ்க்கை நடத்தத் தொடங்கினார். 1857இல் அதை அண்ணனுக்குக் கடிதமாக எழுதினார். ஐசக் தம் கையால் பதில் எழுதவில்லை. குடும்ப வழக்கறிஞர் வழியாகத்தான் எழுதினார். அதோடு உறவை முறித்துக்கொண்டார். அக்கா கிறிஸ்ஸியும் கடிதத் தொடர்பை நிறுத்திக்கொண்டார். இந்த நாவலை எலியட் எழுதத் தொடங்கிய 1859ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நோயில் கிடந்த கிறிஸ்ஸி, எழுதாமல் இருந்துவிட்டதற்கு வருந்திக் கடிதம் போட்டார்; மார்ச் மாதத்தில் இறந்துவிட்டார். மேகியின் கதையை எழுதிக்கொண்டிருந்த கையில்தான் அந்தக் கடிதமும் வந்து சேர்ந்தது. நாவலுக்கு முதலில் நினைத்திருந்த தலைப்பு ‘சகோதரி மேகி’ என்பது. இப்போதைய பெயரைச் சொன்னவர் பதிப்பாளர் பிளாக்வுட்.

ஐசக் வாய் திறந்தது 1880 மே மாதத்தில். லூயிஸ் இறந்தபிறகு ஜான் கிராஸ் என்பவரை எலியட் முறைப்படி மணந்ததும் அண்ணனிடமிருந்து வாழ்த்துக் கடிதம் வந்தது. இடையில் ஓடியவை 23 ஆண்டுகள். நம்முடைய நீண்ட மௌனம், நாம் சிறுபிள்ளைகளாக இருந்தபோது தொடங்கிய பாசத்தை ஒருநாளும் குலைத்துவிடவில்லை என்ற பொருளில் எலியட் பதில் எழுதினார். அந்த ஆண்டு டிசம்பர் 22இல் இறந்துபோனார். ஹைகேட்டில் நடந்த அடக்கத்துக்கு ஐசக் வந்திருந்தார். மேகி திரும்பிவந்தபோது அவளுக்கு மணமாகியிருந்தால் ஊர் ஏற்றுக்கொண்டிருக்கும் என்று 1860இல் எழுதியவருக்கு, 20 ஆண்டுகள் கழித்துத் தம் சொந்த அண்ணனிடமிருந்தே அதற்குச் சாட்சி வந்து சேர்ந்தது.

இந்தப் பின்னணியில் அந்த வெள்ளக் காட்சியைப் பார்க்கும்போது, கட்டுரையாளர் சொன்ன நிறைவு எனக்குக் கிடைக்கவில்லை. நள்ளிரவில் நீர் ஏறும்போது, மேகி படகைத் தனியாக வலித்துக்கொண்டு, தன்னை வெளியே தள்ளிய அதே ஆலைக்குப் போய் அண்ணனை ஏற்றிக்கொள்கிறாள். நீருக்கு நடுவே, அவளுடைய முகத்தை எதிரில் பார்த்த பிறகுதான் அவள் என்ன செய்து வந்திருக்கிறாள் என்பது டாமுக்கு உறைக்கிறது; சிறுவயதில் அழைத்த மேக்ஸி என்ற செல்லப் பெயர் மட்டும் அவன் வாயிலிருந்து வருகிறது. சிறிது நேரத்தில் பெரும் சிதைவுகள் வந்து மோதிப் படகு கவிழ்கிறது. அவன் மனம் மாறியது உண்மைதான். ஆனால் ஆறு பெருகி வீட்டையே விழுங்கி, தங்கை தன் உயிரைக் கொண்டுவந்து கொடுத்த பிறகு அண்ணனுக்குக் கண் திறந்தது என்பதை வெற்றியாகக் கொண்டாட எப்படி முடியும்? முடிவுக்கு முந்தைய பகுதியில் தாம் போதிய அளவு நின்று எழுதவில்லை, குழந்தைப் பருவத்துக் காட்சிகளில் தமக்கிருந்த காதல் முதல் பாதியை நீட்டித்துவிட்டது என்று எலியட்டே கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆசிரியரே குறைபட்டுக்கொண்ட அந்த முடிவின்மீது நாவலின் முழுப் பொருளையும் ஏற்றிவைப்பது பொருந்தாது.

எனவே, இந்த நாவலை முதன்முறையாகக் கையில் எடுக்கப்போகும் தங்கள் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் பகுதியில் டல்லிவர் பாசெட்டுக்குப் போய்வரும் 8ஆம் அத்தியாயத்தையும், ஏழாம் பகுதியில் கிளெக் பெரியம்மா வாய்திறக்கும் 3ஆம் அத்தியாயத்தையும் அடுத்தடுத்து வைத்து ஒருமுறை படியுங்கள். தாங்களும் வாய்ப்பு அமையும்போது அவ்விரு அத்தியாயங்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிட்டால் மகிழ்வேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்